சொல்லாமல் விட்ட மூன்று பாடங்கள்

"பாதியில் விட்டுவிட்டேன்" என்று ஒரு பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்து சொன்னால், உடனே ஆறுதல் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். "யாரிடம் சொல்லிவிட்டு விட்டாய்?" என்று கேளுங்கள். இந்த மாதத்தோடு நான், வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிவைக்கிற இந்த நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறேன். போகிற போக்கில் புலம்புகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் காது கொடுங்கள். விசா, தேர்வுத் தேதி, எந்தக் கல்லூரிக்கு எத்தனை தாள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் நீங்கள் தட்டுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு.

உங்களுக்கு அந்தக் காலம் தெரியாது. நீங்களெல்லாம் அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். மாணவர் போராட்டத்துக்குப் பயந்து ராணுவ அரசு ரங்கூனில் கல்லூரிகளைத் திறக்கும், மூடும், பிறகு வருஷக்கணக்கில் திறக்கவே திறக்காது. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்பதுதான் நம் ஊரில் தலையெழுத்து. அந்தத் தேர்வில் நிறைய வாங்கினால் டாக்டர். கொஞ்சம் குறைந்தால் வேறு ஏதோ. அதில் டாக்டருக்கான மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்கூட வீட்டில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வயதுப் பிள்ளை காலையில் எழுந்து போவதற்கு இடமில்லாமல் ஜன்னலோரம் நிற்பதைப் பார்த்தால் பெற்றவர்களுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில்தான் எங்கள் ஆபீசே ஓடியது.

ரங்கூன் லத்தா பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடைக்கு மேலே, மாடியில் ஓர் அறை. அதை நடத்தியவரை நாங்கள் ஸயாமாஜி என்று கூப்பிடுவோம். பெரிய டீச்சர் என்று அர்த்தம். பர்மாக்கார அம்மாள். எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். மற்றவர்களுக்கு நான் வெறும் ஸயாமா. அமெரிக்காவில் ஒரு கல்லூரி தபால் மூலம் பாடம் நடத்தியது, பெயர் வேண்டாம். புத்தகம் தபாலில் வரும். பிள்ளைகள் எழுதுகிற விடைத்தாள் தபாலில் போகும். கடைசித் தேர்வை எங்கள் ஆபீசில் உட்கார்ந்து எழுதலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம். உள்ளூரில் கதவு மூடியிருந்தால் வெளியூரில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டுமே என்று வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

அப்படிச் சேர்ந்தவள்தான் கலாவதி. அப்பா ராமையா அண்ணன், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் வெங்காயம், மிளகாய் மொத்த வியாபாரம். அவருடைய தாத்தா அதே ஆற்றங்கரையில் மூட்டை இறக்கியவர். "எங்க பரம்பரையில முதுகு வளையாம சம்பாதிக்கப் போற மொத ஆளு இவதான்" என்று மகளைக் கூட்டிவந்து நிறுத்தினார். பெண்ணுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சின்னப் பிள்ளையில் மிங்கலா தாங்ஞுன்டில் இருந்த அத்தை வீட்டுக்கு ரயிலில் போனபோது, கூட வந்த ஒருவருக்கு வலிப்பு வந்ததாம். பெட்டியில் எல்லோரும் சத்தம் போட்டார்களே தவிர யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லையாம். "எனக்கும் தெரியல ஸயாமா, அதான் எனக்கு ஆத்திரம்" என்றாள். அந்த வயதில் அப்படி ஒரு ஆத்திரமா என்று எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

நாலு பாடம் எடுத்தாள். ஆங்கிலக் கட்டுரை, உயிரியல், வேதியியல், கணக்கு. ஆங்கிலத்தை முடித்து 'ஏ' வாங்கினாள். உயிரியல் பாடம் நடத்திய பேராசிரியர் அவள் விடைத்தாள் ஓரங்களில் நீலமையில் நாலு வரியாவது எழுதாமல் அனுப்ப மாட்டார். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள்.

பிறகு பத்தாம் வகுப்பு வந்தது. நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? டிவிக்குத் துணி போட்டு மூடிவிடுவார்கள். விருந்தாளி வந்தால் வாசலோடு பேசி அனுப்புவார்கள். விளக்குப் பண்டிகை முடிந்ததும் ராமையா அண்ணன், "அமெரிக்கா பொஸ்தகத்தையெல்லாம் மூட்டை கட்டி அலமாரி மேல போடு. மார்ச்சு மாசம் பரீட்சை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவள் மூட்டை கட்டினாள். அவ்வளவுதான். மூன்று பாடமும் நின்றுபோயிற்று.

இங்கேதான் கவனிக்க வேண்டும். டியூஷனில் ஒரு பிள்ளை நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? நின்றுவிட்டது, அவ்வளவுதான். வாத்தியார் முகத்துக்கு நேரே "இனி உங்கள் வகுப்புக்கு வர மாட்டேன்" என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? கொழுப்பு என்று சொல்லிவிடுவார்கள். பர்மியர் அதற்கு 'அனாடே' என்பார்கள். எதிராளி மனம் நோகுமே என்று நாம் கூசிப்போவது. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். சத்தமில்லாமல் நின்றுவிட்டு, அடுத்த பண்டிகைக்குப் பழக்கூடையோடு போய் அதே வாத்தியார் காலில் விழுந்து கும்பிட்டு வருவார்கள். வாத்தியாரும் ஒன்றும் கேட்காமல் ஆசீர்வாதம் பண்ணுவார். அதுதான் நாகரிகம். அவளுக்கு அந்த நீலமைப் பேராசிரியரிடம் "உங்கள் பாடத்தை விடுகிறேன்" என்று எழுதக் கை வரவில்லை. எழுத வேண்டும் என்று ஆபீசில் யாருக்கும் தோன்றவும் இல்லை. எங்களுக்கும் அதுதானே வழக்கம்.

அமெரிக்காவில் அப்படியில்லை. விடுகிறேன் என்று எழுதினால், விட்டாள் என்று போடுவார்கள், அதில் கேடு ஒன்றுமில்லை. எழுதாமல் நின்றால் நீ இன்னும் வகுப்பில் இருக்கிறாய், பரீட்சைக்கு வரவில்லை, ஆகவே பூஜ்ஜியம். மூன்று பாடத்திலும் 'எஃப்'. மரியாதைக்காக வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு மூன்று எஃப்!

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். டாக்டருக்குப் போதுமான மதிப்பெண்தான். மதிப்பெண் இருந்தது, கல்லூரிதான் மூடியிருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, தாய்மாமன் ஒருவர் அமெரிக்காவில் இருந்ததால் அவர் தயவில் அங்கே போய்ச் சேர்ந்தாள். அங்கே ரொம்ப நன்றாகப் படித்தாள். அவள் போன பிறகு இங்கே மருத்துவக் கல்லூரி திறந்தது. அவளோடு படித்தவர்களைக் கூப்பிட்டார்கள். "திரும்பி வராதே, இவங்க என்னிக்கு மறுபடி மூடுவாங்கன்னு யாரு கண்டா" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அந்த ஊரில் முதலில் நாலு வருஷம் ஒரு பட்டம் படிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மருத்துவத்துக்கு விண்ணப்பம். அந்த விண்ணப்பத்தில் இதுவரை எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே எடுத்ததானாலும் சரிதான். பாஸோ ஃபெயிலோ, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சராசரி போடுவார்கள். திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழைய எஃப் போகாது. நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் எடுக்கிற கல்லூரிப் பாடம் கூடுதல் நகை மாதிரி, பிடிக்கவில்லையென்றால் கழற்றி வைத்துவிடலாம் என்றுதான் பெற்றவர்கள் நினைக்கிறார்கள். அது பச்சை குத்திக்கொள்வது மாதிரி. வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கிற மருத்துவக் கல்லூரிகள் அங்கே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச இடத்துக்கும் ஊரே வந்து நிற்கும். அங்கே மூன்று எஃப்போடு போய் நின்றால் என்ன ஆகும்?

அவள் பழைய கல்லூரிக்கு எழுதிப் பார்த்தாள். நானும் இங்கிருந்து எழுதினேன், சின்னப் பிள்ளை, தெரியாமல் நின்றுவிட்டாள், தயவு பண்ணுங்கள் என்று. ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டார்கள். காலம் கடந்துவிட்டதாம். அந்த நீலமைப் பேராசிரியரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம்.

இப்போது இன்னொரு சங்கதி. நம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர் இருக்குமே, தமிழில் ஒன்று, பர்மியில் ஒன்று. வீட்டிலும் கோயிலிலும் கலாவதி. பள்ளிக்கூடத்திலும் பாஸ்போர்ட்டிலும் ஏ ஏ மின். தபால் பாடத்துக்குச் சேர்க்கும்போது ராமையா அண்ணன் ஆசையாகத் தமிழ்ப் பேரைக் கொடுத்திருந்தார். அமெரிக்காவுக்குப் போனது ஏ ஏ மின். எஃப் வாங்கியது கலாவதி. இரண்டும் ஒரே பெண் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலொழிய தெரியப்போவதும் இல்லை.

நல்ல மழை நாள் ஒன்றில் ராமையா அண்ணன் ஆபீசுக்கு வந்தார். ஈர லுங்கியோடு ஸயாமாஜியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். கரண்ட் இல்லை. கீழே டீக்கடையிலிருந்து லப்பெயே டீ வரவழைத்தோம், அவர் டம்ளரைத் தொடவில்லை.

"அது வேற பேரு ஸயாமா. வேற ஆளுன்னு விட்டுட்டாப் போச்சு. எம்புள்ள யாரு சொத்தையும் திருடல. பரீட்சையில காப்பியடிக்கல. நான் மூட்டை கட்டச் சொன்னேன், கட்டினா. அதுக்கு அவ டாக்டர் ஆகக்கூடாதா?"

ஸயாமாஜி என்னைப் பார்த்து, "அவர் சொல்றதுல என்ன தப்பு? அந்தப் பொண்ணு வேற, இந்தப் பொண்ணு வேற. நாம வாயத் திறக்காம இருந்தாப் போதும்" என்றார். பேராசை பிடித்த மனுஷி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்காக உண்மையிலேயே உருகித்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. கெட்டவர்கள் கெட்டதைச் சொன்னால் எதிர்த்து நிற்பது சுலபம். எனக்குச் சோறு போட்டவர், தொழில் கற்றுக்கொடுத்தவர், பாசத்தோடு அதைச் சொல்கிறார்.

அந்தச் சமயம் பார்த்து டெலிபோன் அடித்தது. அவள்தான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. அவள் வீட்டுக்குப் போன் பண்ணாமல் எங்களுக்குப் பண்ணியிருந்தாள். அப்பா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. லைன் கரகரவென்று இழுத்தது. எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும் போலிருந்தது.

"ஸயாமா, அப்பா அந்தப் பழைய பாடத்தையெல்லாம் எழுதவேண்டாங்கறாங்க. மாமாவும் அதையேதான் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. நான் எழுதட்டா, வேண்டாமா?"

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே அவளைப் பெற்றவர், கையெடுத்துக் கும்பிடுகிறார். வெங்காய மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. பக்கத்தில் ஸயாமாஜி உதட்டில் விரலை வைத்துக் காட்டுகிறார். அப்பா இருக்கிறார், அப்புறம் பேசு என்று வைத்துவிட்டிருக்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து மறுபடி லைன் கிடைக்குமா?

"எழுது" என்றேன். "எழுதினா எடம் கெடைக்காமப் போகலாம். போகலாம்னு என்ன, போறதுக்குத்தான் அதிகம். பொய்யாச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு அதுல நீதான் கையெழுத்துப் போடப்போறே. நாளைக்கு டாக்டர் ஆகி, கல்யாணம் ஆகி, பிள்ளைகுட்டி பெத்த அப்புறமும் எவனாவது பழைய ஆளு கலான்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கப் பயப்படுவே. அப்படி ஒரு பொழப்பு வேணுமா? அதுக்கு மேல உன் இஷ்டம். நீ என்ன முடிவு பண்ணினாலும் நான் வெளியில சொல்ல மாட்டேன்."

"ரெண்டு பேரும் நான்தானே ஸயாமா" என்றாள். வைத்துவிட்டாள்.

ராமையா அண்ணன் எழுந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "நல்லாயிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் அந்தக் கொட்டுகிற மழையில் இறங்கிப் போனார். அவர் போனதும் ஸயாமாஜி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "உனக்குப் பிள்ளை இல்லை. அதான் இவ்வளவு சுலபமா வந்துடுச்சு." அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. சுலபமாகவா வந்தது? அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் எழுதினாள். கலாவதியும் ஏ ஏ மின்னும் ஒரே ஆள் என்று நம் ஊர் வக்கீல் ஒருவரிடம் உறுதிமொழி வாங்கி அனுப்பச் சொன்னாள், நான்தான் அலைந்து வாங்கி அனுப்பினேன். அவளுக்கு எதிரான சாட்சியை என் கையாலேயே தபாலில் போட்ட மாதிரி இருந்தது.

ஒரே ஒரு கல்லூரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்தவர்கள் நல்ல மனிதர்களாம். சிரித்துப் பேசினார்களாம். அதில் ஒரு அம்மாள், "பாடத்தை விடுவதாக ஒரு வரி எழுதியிருக்கலாமே, ஏன் எழுதவில்லை?" என்று கேட்டாளாம். இவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எங்கள் ஊரில் ஆசிரியரிடம் அப்படிச் சொல்வது மரியாதை இல்லை, அவர் மனம் வருத்தப்படும் என்று. "வருத்தப்படுவார் என்பதற்காகவா சொல்லவில்லை?" என்று அந்த அம்மாள் மறுபடி கேட்டாளாம். "அப்படியானால் நோயாளியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வாய்?" இவளுக்குப் பதில் வரவில்லையாம். யோசித்துப் பாருங்கள், எனக்கே இன்றுவரை அதற்குப் பதில் தெரியாது.

இடம் கிடைக்கவில்லை. காரணம் சொல்ல மாட்டார்கள். எஃப்தானா, வெளிநாட்டுப் பிள்ளை என்பதாலா, அந்தக் கேள்விக்கு வாயடைத்து நின்றதாலா, யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷமும் போட்டாள். அப்போது கூப்பிடக்கூட இல்லை. அதோடு விட்டுவிட்டாள். ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ராமையா அண்ணன் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. ஒருநாள் க்யிம்யிண்டைங் மார்க்கெட்டில் எதிரே பார்த்துவிட்டேன். ஒதுங்கிப் போகவும் முடியவில்லை. அவர் கடைக்கு வந்தவளுக்கு வெங்காயம் நிறுத்துக்கொண்டே, எனக்குக் கேட்கட்டும் என்று, "உண்மையைச் சொல்லி எம்புள்ள கெட்டா. பொய் சொன்னவனெல்லாம் கார்ல போறான்" என்றார். வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிட்டேன். ஊரையே புரட்டிப்போட்ட அந்தப் பெரும்புயலுக்கு அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கல்லூரிப் பாடத்தில் சேர்க்க வருகிற பெற்றோரிடம், இது பின்னாலேயே வரும் என்று முதல் நாளே சொல்லுங்கள். எந்தப் பேரில் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள், பாஸ்போர்ட் பேரில்தான் சேர்க்க வேண்டும் என்று அடம் பிடியுங்கள். நாலு பாடம் கேட்டால் ஒன்று கொடுங்கள். பத்தாம் வகுப்பு வருகிறதா, நீங்களே அந்தப் பிள்ளையை உட்காரவைத்து 'விடுகிறேன்' என்று எழுத வையுங்கள். கூசினால் கூசட்டும், கையைப் பிடித்தாவது எழுத வையுங்கள். அன்றைக்கே எங்கள் ஆபீசில் அந்த வேலை நடந்திருந்தால் டெலிபோனில் நான் அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை. இதெல்லாம் வேலை. வேலையைக் கற்றுக்கொள்ளலாம். மற்றதைக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

அப்பா காரியம் முடிந்து திரும்பிப் போவதற்கு முந்தின நாள் கலாவதி ஆபீசுக்கு வந்தாள். தலையில் அங்கங்கே நரை. இந்த வயதிலேயா என்று இருந்தது. தமிழ் பாதி மறந்துபோய் பர்மியில்தான் அதிகம் பேசினாள். ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிச் சொன்னாள். ரத்தம் வரும், பரிசோதித்துக் குறித்து மேலே அனுப்புவாளாம். அது யாருடைய ரத்தம், அவருக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்களாம். அவளும் கேட்கக் கூடாதாம்.

பேச்சு ஓய்ந்த பிறகு எனக்கு அடக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். "கலா, என் மேல கோவமா?"

இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். யாரும் அப்படித்தானே சொல்வார்கள். அவள் என் முகத்தை நேராகப் பார்த்து, இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"ஆமா ஸயாமா. நீங்க சொன்னது சரிதான். மறுபடி கேட்டாலும் எழுதத்தான் செய்வேன். ஆனா காலைல எந்திரிச்சா மொதல்ல உங்க மேலதான் கோவம் வருது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை, என் கையை இறுக்கவும் இல்லை.